எக்ஸ் அச்சு: சும்மா ஓட்டினால் சரியாக நிற்கிறது, பலகை செதுக்கினால் 0.75 மி.மீ தள்ளிப்போகிறது

திருநகர் மரவேலை

எல்லோருக்கும் வணக்கம். திருநகரில் வீட்டு மாடியில் தகரக் கொட்டகை போட்டு, தேக்கிலும் வேம்பிலும் வீட்டுப் பெயர்ப்பலகை செதுக்கிக் கொடுக்கிறேன். மிஷின் நானே கட்டிய சிஎன்சி, கணினி கொடுக்கிற நிரல்படி பிட்டை (வெட்டும் முனையை) ஓட்டிச் செதுக்கும். அலுமினியச் சட்டம், எக்ஸ், ஒய் இரண்டிலும் 1605 பால் ஸ்க்ரூ, நெமா 23 மோட்டார், டிபி6600 டிரைவர், 36 வோல்ட் சப்ளை. மூளை ஆர்டுயினோ யூனோ போர்டு, அதில் அச்சுகளை ஓட்டுகிற ஜிஆர்பிஎல் 1.1 நிரல். டிரைவர் 1/8 மைக்ரோ ஸ்டெப்பில் இருக்கிறது, அதாவது மோட்டாரின் ஒரு முழு ஸ்டெப்பை எட்டாகப் பிரிக்கிறது. சுற்றுக்கு 1,600 ஸ்டெப், ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 5 மி.மீ நகர்த்தும். அதனால் ஜிஆர்பிஎல்லில் ஒரு மி.மீக்கு எத்தனை ஸ்டெப் என்று சொல்கிற $100 (எக்ஸ்), $101 (ஒய்) இரண்டும் 320.

பிரச்சினைக்கு வருகிறேன். ஆவணி முகூர்த்தத்துக்கு 'யாழகம்' என்று ஒரு பலகை. 300க்கு 200 மி.மீ, எழுத்து மேடாக நிற்க வேண்டும். முதலில் பின்புலத்தை 4.5 மி.மீ ஆழத்துக்கு வழித்து எடுக்கிறேன், கடைசியில் எழுத்தின் ஓரத்தைச் சுற்றி ஒரு பூச்சு வெட்டு. வழிக்கிற வேலை ஒழுங்காகத்தான் நடக்கிறது. ஓர வெட்டு வரும்போது பிட் முக்கால் மில்லிமீட்டர் வலப்பக்கம் தள்ளி நிற்கிறது. ழகரத்தின் இடது வளைவை அது கடித்துவிட்டது, வலது பக்கம் விரல் வைத்தால் தட்டுப்படுகிற மாதிரி ஒரு படி நிற்கிறது. தேக்குப் பலகை இரண்டு வீணாகிவிட்டன. மூன்றாவதை எடுக்க மனம் வரவில்லை.

எனக்குப் புரியாத இடம் இதுதான். டயல் கேஜ் (நகர்வை முள்ளால் காட்டும் அளவுகருவி) வைத்து எக்ஸ் 0க்கும் 100க்கும் இடையே ஐம்பது தடவை ஓட்டினேன். திரும்ப வந்தால் முள் சரியாக அதே இடம். அப்படியென்றால் மிஷினில் குறை இல்லை என்றுதானே அர்த்தம்? பலகை வைத்தால் மட்டும் ஏன் இப்படி?

மேலூர்க்காரன்

அண்ணே, பேக்லாஷாக இருக்கும், அதாவது ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவே உள்ள தளர்வு. பால் ஸ்க்ரூ என்று சொல்லி விற்பதில் நிறைய தளர்வாகத்தான் வருகிறது. நட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

இன்னொன்று, தகரக் கொட்டகை என்கிறீர்கள். மத்தியான வெயிலில் உள்ளே அடுப்பு மாதிரி இருக்கும். ஸ்க்ரூ நீண்டால் அளவு மாறாதா?

கப்பலூர் லேத்து

தம்பி மேலூர், இரண்டுமே யோசிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் கணக்குப் போட்டால் இரண்டும் ஒத்து வராது.

எஃகு ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 0.012 மி.மீ நீளும். 300 மி.மீ ஸ்க்ரூ, காலையிலிருந்து மத்தியானத்துக்குள் 15 டிகிரி ஏறினாலும் 0.05 மி.மீதான் வரும். முக்கால் மில்லிமீட்டரை வெயில் தலையில் போட முடியாது.

பேக்லாஷுக்கு ஒரு குணம் உண்டு. அது சேர்ந்துகொண்டே போகாது. திசை திரும்பும்போது ஒரு 0.1 வரும், மறுபடி திரும்பும்போது அந்த 0.1 போய்விடும். நூறு தடவை திரும்பினாலும் அதே 0.1தான். இங்கே நல்ல நிலையில் ஆரம்பித்து, முடிவில் 0.75 என்கிறார். அப்படியானால் இது சேருகிற பிழை. எங்கேயோ கொஞ்சம் கொஞ்சமாகக் கணக்கு தவறுகிறது.

திருநகர் தம்பி, எதையும் கழற்றுவதற்கு முன்னால் சில விஷயம் சொல்லுங்கள். ஒவ்வொரு பலகையிலும் பிழை ஒரே அளவா, கூடக் குறைய வருகிறதா? எப்போதும் வலப்பக்கம்தானா? ஒய் அச்சில் ஒன்றும் இல்லையா? பலகையே நகர்ந்திருக்காது என்று எப்படித் தெரியும்? மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கிற கப்ளிங் வழுக்குகிறதா என்று பார்க்க, மோட்டார் தண்டு, கப்ளிங், ஸ்க்ரூ மூன்றின் மேலும் சேர்த்து பெர்மனென்ட் மார்க்கரில் ஒரே நேர்கோடு போடுங்கள். வேலை முடிந்ததும் கோடு உடைந்திருந்தால் கப்ளிங்கை இறுக்குகிற கிரப் ஸ்க்ரூ விட்டுக்கொடுக்கிறது. எங்கள் பட்டறையில் முதலில் செய்வது அதுதான், காசு செலவில்லை.

அதோடு இனித் தேக்கை வீணாக்க வேண்டாம். பிட்டைக் கழற்றிவிட்டு, பிட்டைச் சுழற்றுகிற ஸ்பிண்டிலை அணைத்து, காற்றிலேயே அந்த வேலையை ஓட்டுங்கள். ஆரம்பத்தில் எக்ஸ் 0இல் டயல் கேஜை 0 ஆக்கிவிட்டு, முடிவில் எக்ஸ் 0க்கு வந்து படியுங்கள்.

விளாச்சேரி பொம்மை

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இப்படி ஒரு தொல்லை, ஆனால் இசட் அச்சில். கொலு பொம்மை அச்சுக்கு மூலமாதிரி எம்டிஎஃப் பலகையில் வெட்டுகிறேன். கடையில் வாங்கின 3018 மிஷின். வேலை போகப் போக ஆழம் கூடிக்கொண்டே போகிறது, முடிவில் 1 மி.மீ அதிகம். இசட் மோட்டார் ஸ்டெப் விடுகிறதா?

கப்பலூர் லேத்து

விளாச்சேரி அம்மாவோ ஐயாவோ, ஸ்டெப்பைச் சந்தேகிக்கும் முன்னால் பிட்டைப் பிடிக்கிற கொலெட்டைப் பாருங்கள். தூளை மேலே இழுக்கிற சுழல் பிட் போட்டிருப்பீர்கள். அந்தச் சுழல் மரத்தைப் பிடித்துக்கொண்டு தன்னையே கீழே இழுக்கும். கொலெட் பிடி குறைந்தால் பிட் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும், ஆழம் கூடும். பிட்டைச் சுற்றி, கொலெட் முகத்தை ஒட்டி மார்க்கரில் ஒரு வளையம் போடுங்கள். வேலை முடிவில் வளையத்துக்கும் கொலெட்டுக்கும் நடுவே இரும்பு தெரிந்தால் அதுதான் காரணம்.

ஈஆர்11 கொலெட்டை முதலில் நட்டுக்குள் 'டக்'கென்று உட்காரும்படி அழுத்திவிட்டு, பிறகுதான் ஸ்பிண்டிலில் ஏற்ற வேண்டும். பலர் கொலெட்டைத் தண்டில் போட்டுவிட்டு மேலே நட்டைத் திருகுகிறார்கள். அப்படிச் செய்தால் நேராகவே பிடிக்காது. உள்ளே எம்டிஎஃப் மாவு இருந்தாலும் பிடி போகும்.

திருநகர் மரவேலை

கப்பலூர் அண்ணே சொன்னபடி நேற்று ராத்திரி எல்லாம் செய்தேன். பிட் இல்லை, ஸ்பிண்டில் ஓடவில்லை, மேஜை மேல் பலகையும் இல்லை. எழுத்தையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் செவ்வகத்தை வழிக்கிற வேலையாக வைத்துக்கொண்டேன், குழப்பம் வேண்டாம் என்று.

முதல் ஓட்டம் முடிந்து எக்ஸ் 0க்கு வந்தது. டயல் 0.74. மறுபடி ஹோம் செய்து, அதாவது மிஷினைத் தன் ஆரம்ப இடத்தை மறுபடி கண்டுபிடிக்க வைத்து, டயலில் 0 இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இரண்டாவது ஓட்டம். 0.75. மூன்றாவது 0.74. எப்போதும் வலப்பக்கம்தான். ஒவ்வொரு தடவையும் ஹோம் கொடுத்தால் முள் பழையபடி 0க்கு வந்துவிடுகிறது. அதனால் கேஜ் ஸ்டாண்டும் நகரவில்லை, சட்டமும் நகரவில்லை.

மார்க்கர் கோடு மூன்றிலும் நேராகவே இருக்கிறது. கப்ளிங் வழுக்கவில்லை. ஒய் அச்சில் 0.02, அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேகத்தை நிமிடத்துக்கு 1,500 மி.மீயிலிருந்து 600க்குக் குறைத்தும் ஓட்டினேன், பிழை மாறவே இல்லை. $1 மதிப்பை 255 ஆக்கி மோட்டார் எப்போதும் பிடித்திருக்கும்படி வைத்தேன், அதிலும் மாற்றமில்லை.

மூன்று தடவையும் ஒரே எண் வந்ததைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இது என்னவோ கணக்குப் போட்டு வைத்த மாதிரி வருகிறது.

கப்பலூர் லேத்து

தம்பி, நீங்கள் செய்தது அருமையான சோதனை. இதில் பாதி விடை வந்துவிட்டது.

மோட்டார் பாரம் தாங்காமல் ஸ்டெப் விட்டால், அது ஒரு மைக்ரோ ஸ்டெப், இரண்டு மைக்ரோ ஸ்டெப் என்று விடாது. ரோட்டார் வழுக்கினால் அடுத்த காந்தப் பிடிக்குத்தான் போய் விழும். 1.8 டிகிரி மோட்டாரில் அது நான்கு முழு ஸ்டெப், அதாவது 7.2 டிகிரி. உங்கள் 5 மி.மீ ஸ்க்ரூவில் சரியாக 0.1 மி.மீ. ஆகவே ஸ்டெப் விட்ட பிழை 0.1, 0.2, 0.3 என்று பத்தில் ஒன்றின் மடங்காகத்தான் வர வேண்டும். 0.74, 0.75 அதில் சேராது. வேகம் குறைத்தும் மாறவில்லை, வெட்டு இல்லாமலும் மாறவில்லை. மோட்டார் பாவம், அதன் மேல் தப்பில்லை. கரண்டைக் கூட்டச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதீர்கள், மோட்டார்தான் சூடாகும்.

மின் இரைச்சல் என்றால் ஒரு நாள் 0.3, ஒரு நாள் 0.9 என்று வரும். இப்படி மூன்று தடவை ஒரே எண் வராது.

$100 தப்பாக இருந்தால் 100 மி.மீ போகச் சொன்னால் 101 போகும், ஆனால் திரும்பி 0க்கு வந்தால் 0தான். அதுவும் இல்லை.

மிச்சம் என்ன இருக்கிறது என்றால், யூனோவிலிருந்து டிரைவருக்கு பல்ஸ் (மின் துடிப்பு) போகிற வழி. அது என் துறை இல்லை. புதூர் சார் இருந்தால் பார்க்கட்டும்.

புதூர் எலக்ட்ரானிக்ஸ்

பார்த்தேன். கே.புதூர் சிட்கோ பக்கம் கண்ட்ரோல் போர்டு பழுது பார்க்கிறவன் நான். எண்ணைக் கேட்டதும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. திருநகர் தம்பி, வழிக்கிற வேலையில் கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது? கோட்டுக்குக் கோடு இடைவெளி எவ்வளவு, எத்தனை அடுக்கு?

திருநகர் மரவேலை

சார், எக்ஸ் வாக்கில் போய், ஒய்யில் 2.5 மி.மீ ஏறி, எக்ஸில் திரும்பி வரும். உழவு சால் மாதிரி. 200 மி.மீக்கு 80 கோடு. 1.5 மி.மீ வீதம் மூன்று அடுக்கு.

புதூர் எலக்ட்ரானிக்ஸ்

நினைத்தது சரி. கணக்கைப் பாருங்கள்.

80 கோடு என்றால் 40 தடவை போய் 40 தடவை வருகிறது. மூன்று அடுக்குக்கு 120 போக்குவரத்து. உங்கள் ஒரு மைக்ரோ ஸ்டெப் 5 ÷ 1,600 = 0.003125 மி.மீ. ஒரு போக்குவரத்துக்கு இரண்டு மைக்ரோ ஸ்டெப் தப்பினால் 0.00625. அதை 120ஆல் பெருக்குங்கள். 0.75 வருகிறது.

ஏன் இரண்டு? ஒரு ஸ்டெப் விட்டுப்போனால் பிழை ஒன்று. ஒரு ஸ்டெப் தப்பான திசையில் விழுந்தால் பிழை இரண்டு. பின்னால் ஒன்று போக வேண்டிய இடத்தில் முன்னால் ஒன்று போய்விட்டது. ஆக ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் முதல் ஸ்டெப் பழைய திசையிலேயே விழுகிறது.

காரணம் டிரைவருக்குள் இருக்கிறது. டிரைவருக்கு இரண்டு சிக்னல் போகிறது. ஸ்டெப் என்பது 'ஒரு அடி வை', டைரக்‌ஷன் என்பது 'இந்தப் பக்கம் வை'. பக்கத்தைச் சொல்லிவிட்டு, டிரைவர் அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரம் கொடுத்துவிட்டுத்தான் அடி வைக்கச் சொல்ல வேண்டும். டிஎம்542 மாதிரி டிரைவர்களின் கையேட்டில் டைரக்‌ஷன் 5 மைக்ரோ நொடியாவது முந்த வேண்டும் என்று போட்டிருக்கும். ஜிஆர்பிஎல் அவ்வளவு நேரம் கொடுப்பதில்லை. டைரக்‌ஷன் பின்னை மாற்றிவிட்டு அடுத்த வரியிலேயே ஸ்டெப் பின்னை உயர்த்துகிறது. அந்த நிரலின் குறிப்பிலேயே ஸ்டெப்புக்கு ஓரிரு நானோ நொடி முன்னால் டைரக்‌ஷனை மாற்றுவதாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆப்டோ (சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் ஆப்டோ கப்ளர் ஐசி) நடுவில் இல்லாத சின்ன டிரைவருக்கு அது போதும். டிபி6600 பலகையில் ஆப்டோ கப்ளர் இருக்கிறது, அது சோம்பல்.

டிரைவர் மூடியைக் கழற்ற முடிந்தால் உள்ளே பார்த்துச் சொல்லுங்கள். சிக்னல் திருகுமுனைக்குப் பக்கத்தில் சின்னச் சின்னதாக வெள்ளை, கறுப்பு ஐசி இருக்கும்.

மேலூர்க்காரன்

சார், எனக்கு ஒன்று இடிக்கிறது. திரும்பும்போதெல்லாம் தப்பு வருகிறது என்றால், வலப்பக்கம் ஒரு தடவை, இடப்பக்கம் ஒரு தடவை, இரண்டும் கழிந்து போகாதா? அண்ணன் ஐம்பது தடவை ஓட்டினபோது ஏன் ஒன்றும் வரவில்லை?

புதூர் எலக்ட்ரானிக்ஸ்

இதைக் கேட்டதற்கு நன்றி தம்பி. இந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது.

ஐம்பது தடவை ஓட்டினபோது நீங்கள் சொன்னபடி கழிந்துதான் போயிற்று. முன்னிருந்து பின்னுக்குத் திரும்பும்போது இரண்டு மைக்ரோ ஸ்டெப் வலப்பக்கம் தப்பியது, பின்னிருந்து முன்னுக்குத் திரும்பும்போது இரண்டு இடப்பக்கம் தப்பியது. 0க்கு வந்து நிற்கிறபோது 0.006 மி.மீ மிச்சம் இருந்திருக்கும். டயலில் ஒரு கோடே 0.01. கண்ணுக்குப் படாது.

வழிக்கிற வேலையில் நடுவே ஒய் அசைவு வருகிறது. அங்கேதான் விஷயம். ஜிஆர்பிஎல் ஒவ்வொரு நகர்வுக்கும் திசையைப் புதிதாக எழுதுகிறது. எந்த அச்சு பின்னால் போக வேண்டுமோ அதற்கு மட்டும் 'பின்' என்று குறிக்கும். அசையாத அச்சுக்கு எதுவும் குறிக்காது, அது 'முன்' என்றே நிற்கும்.

இப்போது கூடவே ஓடிப் பாருங்கள். எக்ஸ் முன்னால் போகிறது. ஒய் 2.5 மி.மீ ஏறுகிறது, எக்ஸ் டைரக்‌ஷன் 'முன்' என்றே இருக்கிறது. அடுத்து எக்ஸ் பின்னால் வர வேண்டும். டைரக்‌ஷன் மாறுகிற அதே நொடியில் முதல் ஸ்டெப், தப்புகிறது. கோடு முடிகிறது. மறுபடி ஒய் ஏறுகிறது. அந்த நேரத்தில் எக்ஸ் டைரக்‌ஷன் தானாகவே 'முன்'னுக்குப் போய்விடுகிறது, ஆனால் எக்ஸுக்கு ஸ்டெப் எதுவும் இல்லை. ஆப்டோ நிதானமாகத் திரும்பிக்கொள்ளப் போதுமான நேரம் கிடைக்கிறது. பிறகு எக்ஸ் முன்னால் போகும்போது முதல் ஸ்டெப்பே சரியாக விழுகிறது. ஆகப் பின்னுக்குத் திரும்பும்போது மட்டும் தப்பு, முன்னுக்குத் திரும்பும்போது தப்பில்லை. கழிவதற்கு எதிர்ப்பக்கம் ஒன்றும் இல்லை. சேர்ந்துகொண்டே போகிறது, அதுவும் எப்போதும் முன் பக்கம், உங்களுக்கு வலப்பக்கம்.

இதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். கீழே உள்ள நான்கு வரியை நூறு தடவை எழுதி ஓட்டுங்கள்.

ஜி0 எக்ஸ்50
ஜி0 ஒய்1
ஜி0 எக்ஸ்0
ஜி0 ஒய்0

நூறு போக்குவரத்துக்கு எக்ஸில் 0.62 அல்லது 0.63 வர வேண்டும். இதில் ஒய்யும் ஒவ்வொரு சுற்றிலும் பின்னுக்குத் திரும்புகிறது, அதனால் ஒய்யிலும் அதே அளவு வர வேண்டும். வராவிட்டால் நான் சொன்னது முழுக்கத் தப்பு, வேறு யோசிக்கலாம்.

கப்பலூர் லேத்து

முப்பது வருஷமாக மிஷின் ஓட்டுகிறேன், இப்படி ஒரு காரணத்தை இன்றைக்குத்தான் கேட்கிறேன். புதூர் சார், பெரிய மிஷின்களில் இது ஏன் வருவதில்லை? என்கோடர் இருப்பதாலா?

புதூர் எலக்ட்ரானிக்ஸ்

அதுவும் ஒரு காரணம் அண்ணே. பெரிய மிஷினில் உள்ள சர்வோ மோட்டாரில் எங்கே நிற்கிறோம் என்று அளந்து சொல்ல என்கோடர் என்று தனியாக ஆள் இருக்கிறது. ஸ்டெப்பருக்கு அது கிடையாது, சொன்ன எண்ணிக்கை போனதாகவே கண்ட்ரோலர் நம்பிக்கொள்கிறது. இன்னொன்று, மாக்3, லினக்ஸ்சிஎன்சி மாதிரி கண்ட்ரோலர்களில் டைரக்‌ஷனுக்கு எவ்வளவு முன்னவகாசம் என்று எண்ணாகவே கொடுக்க இடம் உண்டு. ஜிஆர்பிஎல் 1.1இல் அதற்கு டாலர் எண் கிடையாது. நிரலுக்குள் போக வேண்டும், அல்லது வேறு வழியில் சுற்றி வர வேண்டும்.

திருநகர் மரவேலை

இப்போதுதான் சோதனையை முடித்தேன், கை நடுங்க எழுதுகிறேன். நூறு தடவை. எக்ஸ் 0.62. ஒய்க்கு இன்னொரு கேஜ் இல்லை, அதனால் அதே கேஜை ஒய் பக்கம் திருப்பி வைத்து மறுபடி நூறு தடவை ஓட்டினேன். 0.63.

ஒய் அச்சில் குறையே இல்லை என்று இரண்டு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். முந்தைய சோதனையில் வந்த அந்த 0.02க்கும் இப்போது காரணம் தெரிகிறது. மூன்று அடுக்குக்கு மூன்று தடவை ஒய் பின்னால் திரும்பியது, மூன்று தடவைக்கு 0.019.

இன்னும் உறுதியாக இருக்கட்டும் என்று, அதே செவ்வகத்தை ஒய் வாக்கில் கோடு ஓடும்படி மாற்றி ஓட்டினேன். எக்ஸ் முள் இரண்டு கோடு, அதே 0.02தான் விலகியது. பெரிய பிழை ஒய்க்குப் போய்விட்டது.

டிரைவர் மூடியையும் கழற்றினேன். நாலு மர ஸ்க்ரூ அளவுக்குச் சின்னத் திருகு, உள்ளே நிறைய தேக்குத் தூள், ஊதி எடுத்தேன். திருகுமுனைக்குப் பின்னால் மூன்று ஐசி. இரண்டு ஒரே மாதிரி, நாலு கால், மேலே 817 என்று எழுதியிருக்கிறது. ஒன்று மட்டும் எட்டுக் கால், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் 6என்137.

புதூர் எலக்ட்ரானிக்ஸ்

நல்ல வேலை செய்தீர்கள் தம்பி. அந்த எட்டுக் கால்தான் ஸ்டெப்புக்கு, அது வேகமான ஆப்டோ, நானோ நொடிக் கணக்கு. நாலு கால் இரண்டும் டைரக்‌ஷனுக்கும் எனேபிளுக்கும், அவை மைக்ரோ நொடிக் கணக்கு. ஸ்டெப் பஸ்ஸில் வருகிறது, டைரக்‌ஷன் நடந்து வருகிறது. ஒரே நேரத்தில் கிளம்பினால் எது முதலில் சேரும்?

சரி, வழி இரண்டு. ஒன்று, ஜிஆர்பிஎல் நிரலில் கான்ஃபிக் கோப்பைத் திறந்து 'ஸ்டெப் பல்ஸ் டிலே' என்ற வரிக்கு முன்னால் உள்ள இரண்டு சாய்கோட்டை எடுத்துவிட்டு, மறுபடி கம்பைல் செய்து யூனோவில் ஏற்றுவது. டைரக்‌ஷனுக்கும் ஸ்டெப்புக்கும் நடுவே 10 மைக்ரோ நொடி இடைவெளி வரும். இதுதான் முறையான வழி.

இரண்டாவது இப்போதே செய்யலாம். உங்கள் வயரிங் எப்படி? மைனஸ் மூன்றும் சேர்த்துக் கிரவுண்டுக்கா, பிளஸ் மூன்றும் சேர்த்து 5 வோல்ட்டுக்கா?

திருநகர் மரவேலை

மைனஸ் எல்லாம் கிரவுண்டுக்கு சார். பிளஸ் பக்கம் யூனோ பின்.

புதூர் எலக்ட்ரானிக்ஸ்

அப்படியானால் $2க்கு 7 கொடுங்கள். அது எக்ஸ் 1, ஒய் 2, இசட் 4, மூன்றும் கூட்டி 7. ஸ்டெப் பல்ஸ் தலைகீழாகும். எப்போதும் உயர்ந்து நிற்கும், ஸ்டெப் வரும்போது 10 மைக்ரோ நொடி கீழே போய் மேலே ஏறும். டிரைவர் அடி வைப்பது அந்த ஏற்றத்தில். டைரக்‌ஷன் மாறுவது பல்ஸின் தொடக்கத்தில், அடி விழுவது முடிவில். நடுவே, பல்ஸ் எவ்வளவு நேரம் என்று சொல்கிற $0இல் உள்ள 10 மைக்ரோ நொடி இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. நீங்கள் ஓட்டுகிற 1,500 வேகத்தில் நொடிக்கு 8,000 ஸ்டெப், ஒன்றுக்கு ஒன்று 125 மைக்ரோ நொடி இடைவெளி. 10 அதில் ஒரு பாரமே இல்லை. போதாவிட்டால் $0ஐ 15 ஆக்கிப் பாருங்கள்.

கவனம், பிளஸ் பொதுவாக 5 வோல்ட்டில் கட்டியவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கு இப்போதே தலைகீழாகத்தான் இருக்கும். $2ஐ மாற்றினால் இல்லாத குறை வந்துவிடும். அவரவர் மிஷினில் அந்த நான்கு வரியை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

விளாச்சேரி பொம்மை

சார், என் 3018இல் ஏ4988 டிரைவர்தான் இருக்கிறது. நானும் $2ஐ மாற்ற வேண்டுமா?

கப்பலூர் அண்ணனுக்கும் ஒரு செய்தி. மார்க்கர் வளையம் ஒரு மில்லிமீட்டர் கீழே வந்திருந்தது. நட்டைக் கழற்றினால் கொலெட் இடுக்கில் எம்டிஎஃப் மாவு கெட்டியாக அப்பிக்கிடந்தது. பல் துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, நீங்கள் சொன்ன மாதிரி நட்டுக்குள் அழுத்திவிட்டு ஏற்றினேன். ஒரு பிள்ளையார் முகம் முழுசாக வெட்டி முடித்துவிட்டேன், வளையம் அப்படியே இருக்கிறது. நான் அம்மாதான், அண்ணே.

புதூர் எலக்ட்ரானிக்ஸ்

வேண்டாம் அம்மா. ஏ4988 சிப்புக்கு 200 நானோ நொடி முன்னவகாசம் போதும், நடுவே ஆப்டோவும் கிடையாது. உங்கள் மிஷினில் $2ஐத் தொட வேண்டாம்.

திருநகர் மரவேலை

$2=7 கொடுத்தேன். மிஷினை அணைத்துப் போட்டு, ஹோம் செய்து, நூறு தடவைச் சோதனை. எக்ஸ் டயல் 0. ஒய் டயல் 0. நம்பாமல் ஐந்நூறு தடவை ஓடவிட்டுக் கீழே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். 0 கோட்டிலிருந்து முள் அரைக் கோடு கூட விலகவில்லை.

அப்புறம் செவ்வகம், மூன்று அடுக்கு. 0.

இன்று காலையில் மூன்றாவது தேக்குப் பலகையை எடுத்தேன். வழித்து முடிக்க ஒன்றே முக்கால் மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஓர வெட்டு தொடங்கும்போது பிட் ய எழுத்தின் இடது ஓரத்தை ஒட்டி இறங்கியது, மெல்லிசாக ஒரு சுருள் மட்டும் எழும்பியது. ழகரத்தின் வளைவைச் சுற்றி வரும்போது மோட்டார் சத்தம் ஒரே சீராக இருந்தது. முடிந்ததும் தூளைத் துடைத்துவிட்டு நகத்தால் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தேன். படி இல்லை. ழகரத்தின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழவழப்பு.

ஞாயிற்றுக்கிழமை மிஷினுக்கு ஓய்வு கொடுத்து, புதூர் சார் சொன்ன கம்பைல் வேலையையும் செய்து பார்க்கலாம் என்றிருக்கிறேன். அதைச் செய்தால் $2ஐப் பழையபடி 0க்குக் கொண்டுவந்துவிட வேண்டுமா?

புதூர் எலக்ட்ரானிக்ஸ்

ஆமாம் தம்பி, டிலே போட்டால் $2=0. இரண்டையும் சேர்த்து வைக்க அவசியமில்லை. மாற்றினதும் மறக்காமல் அந்த நூறு தடவையை மறுபடி ஓட்டிவிடுங்கள். டாலர் எண்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி டிரைவர் பெட்டி மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவையுங்கள், ஒரு வருஷம் கழித்து யூனோ போனால் தேட வேண்டியிருக்காது.

கப்பலூர் லேத்து

தம்பி, கடித்துப் போன அந்த இரண்டு தேக்குப் பலகையையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பின்பக்கம் நன்றாகத்தானே இருக்கும். 10 மி.மீ சீவினால் சின்னப் பெயர்ப்பலகை நாலு வரும். சீவுவதற்கு இடம் வேண்டுமானால் கப்பலூருக்குக் கொண்டு வாருங்கள், பட்டறையில் பிளேனர் இருக்கிறது.

திருநகர் மரவேலை

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வருகிறேன் அண்ணே. டயல் கேஜையும் எடுத்து வருகிறேன், ஒரு தடவை உங்கள் ஸ்லிப் கேஜ் (துல்லிய அளவுக் கட்டை) வைத்துச் சரிபார்க்க வேண்டும்.